கரியமில வாயுவும் மின்சாரக் கணக்கும்

மாமல்லபுரத்திலிருந்து தெற்கே கல்பாக்கம் போகும் வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர்களின் கோட்டை ஒன்று பாதி இடிந்து நிற்கிறது. அந்தச் செங்கல் சுவர்களைப் பிடித்து வைத்திருப்பது சுண்ணாம்புக் காரை. இந்தக் கடற்கரையில் சுண்ணாம்பு என்றால் பெரும்பாலும் கிளிஞ்சல் சுண்ணாம்புதான்: கழிமுகத்தில் வாரிய கிளிஞ்சலைக் காளவாயில் அடுக்கிச் சுடுவார்கள், சுட்டதைத் தண்ணீர் விட்டு நீற்றுவார்கள், மணலோடு அரைத்துப் பூசுவார்கள். 100 கிலோ கிளிஞ்சலை முழுதாகச் சுட்டால் ஏறத்தாழ 44 கிலோ கரியமில வாயு வெளியேறும், 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். பூசிய சுவர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் இறுகுகிறதே, அப்போது நடப்பது இதன் மறுதலை. காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு சுண்ணாம்பு மறுபடி கல்லாகிறது. வாயுவை வெளியேற்றக் காளவாயில் 900 டிகிரி வெப்பமும் வண்டி வண்டியாக விறகும் வேண்டியிருந்தன. அது திரும்பி வருவதற்கு யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம். நம் கொத்தனார்களுக்குப் பரம்பரையாகக் கைவந்த இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால், கரியமில வாயுவிலிருந்து மெத்தனால் செய்யலாம், பிளாஸ்டிக் செய்யலாம், எரிபொருள் செய்யலாம் என்று வரும் செய்திகளில் எதை நம்புவது, எதற்குப் பணம் போடுவது என்று நாமே தீர்மானிக்க முடியும். நான் சொல்ல வந்தது இதுதான்: கரியமில வாயுவைப் பயனுள்ள கரிமப் பொருளாக மாற்றும் வேதியியல் உண்மையானது, அவசியமானது. ஆனால் ஏற்றம் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் அதை மின்நிலையப் புகைக்கு மருந்தாக விற்பது மக்களை ஏமாற்றுவதாகும்.

கரியும் உயிர்வாயுவும் சேர்ந்து எரிந்து, தம்மிடமிருந்த வெப்பத்தையெல்லாம் கொடுத்துவிட்டு அடங்கிய நிலைதான் கரியமில வாயு. மூலக்கூறு உலகில் அது ஒரு பள்ளத்தாக்கு. மெத்தனால், எத்திலின், மீத்தேன் எல்லாம் மலைமேல் இருக்கும் ஊர்கள். பள்ளத்தாக்கிலிருந்து அங்கே போக வேண்டுமானால் ஆற்றல் கொடுத்துத்தான் ஏற வேண்டும். வினையூக்கி என்பது நல்ல மலைப்பாதை போடுவது போன்றது. வத்தலக்குண்டிலிருந்து ஏறினாலும் பழனியிலிருந்து ஏறினாலும் கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து இருக்கும் உயரத்திலேயேதான் இருக்கிறது. நல்ல பாதை நேரத்தை மிச்சப்படுத்தும், வழியில் இருக்கும் தேவையற்ற சிகரங்களைத் தவிர்க்க உதவும். ஊரை ஓர் அடிகூடக் கீழே இறக்காது. வினையூக்கியும் அப்படியே. வினையின் வேகத்தை மாற்றும், எந்தப் பொருள் உருவாகும் என்பதைத் தீர்மானிக்கும், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையிலுள்ள ஆற்றல் வித்தியாசத்தைத் தொடவே தொடாது.

இப்போது மெத்தனாலை எடுத்துக்கொள்வோம். ஒரு மூலக்கூறு கரியமில வாயுவோடு மூன்று மூலக்கூறு ஹைட்ரஜன் சேர்ந்தால் ஒரு மெத்தனாலும் ஒரு தண்ணீரும் கிடைக்கும். தாமிரம், துத்தநாக ஆக்சைடு, அலுமினா மூன்றும் கலந்த வினையூக்கியின் மேல், 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில், 50 முதல் 100 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் இது நடக்கிறது. பலருக்கு வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. இந்த வினை வெப்பத்தை விழுங்குவதில்லை, வெளிவிடுகிறது. அதாவது வினையூக்கி நிற்கும் இடத்தில் சாலை சற்று இறங்குகிறது! அப்படியானால் மலை எங்கே போயிற்று? தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்த இடத்திலேயே முழு மலையையும் ஏறி, கொஞ்சம் கூடுதலாகவும் ஏறிவிட்டோம். ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க இன்றைய மின்பகுப்புக் கருவிகளுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். இழப்பே இல்லாத கருவி ஒன்று கிடைத்தாலும் 39 யூனிட்டுக்குக் கீழே போக முடியாது. அது இயற்கை வைத்த எல்லை. ஆகவே கரியமில வாயு மாற்றத்தைப் பற்றிய எந்தப் பேச்சும் உண்மையில் ஹைட்ரஜனைப் பற்றிய பேச்சு, ஹைட்ரஜனைப் பற்றிய பேச்சு மின்சாரத்தைப் பற்றிய பேச்சு.

இந்தக் கணக்கை நம் மாவட்டத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். செய்யூரில் 4,000 மெகாவாட் அனல் மின்நிலையம் ஒன்று திட்டமிடப்பட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். உப்பளங்களும் கழிமுகமும் சூழ்ந்த அந்த இடத்தில் அது வரவே இல்லை. வந்திருந்தால், நூற்றுக்கு எண்பது அளவில் ஓடியிருந்தால், ஒரு யூனிட்டுக்கு 900 கிராம் என்ற கணக்கில் ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் கரியமில வாயு வெளியேறியிருக்கும். அதை மெத்தனாலாக மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார் என வைத்துக்கொள்வோம். ஒரு டன் வாயுவுக்கு 136 கிலோ ஹைட்ரஜன், அதற்குச் சுமார் 7,000 யூனிட் மின்சாரம். அந்த ஒரு டன் வாயு வெளியேறியபோது மின்நிலையம் நமக்குத் தந்தது 1,100 யூனிட். நிலக்கரி தந்த மின்சாரத்தைப் போல் ஆறு மடங்கு செலவழித்து அதன் புகையை மாற்ற வேண்டும். அவ்வளவு சுத்தமான மின்சாரம் கையில் இருக்குமானால் அதில் ஆறில் ஒரு பங்கைக் கொண்டு அந்த மின்நிலையத்தையே மூடிவிடலாமே. மின்பகுப்புக் கருவி குறையே இல்லாததாகிவிட்டாலும் ஐந்து மடங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் இறங்கும். வினையூக்கி ஆராய்ச்சி முன்னேறினால் இந்தச் செலவு குறைந்துவிடாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே விடை. கரியமில வாயுப் பக்கத்து வினையூக்கி எவ்வளவு அற்புதமானதாக இருந்தாலும் இந்த எண்ணை அது அசைக்காது.

மத்தியப் பிரதேசத்தில் விந்தியாசல் மின்நிலையத்தில் என்.டி.பி.சி. நிறுவனம் அமைத்த முன்னோடி ஆலையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நாளொன்றுக்கு 20 டன் கரியமில வாயுவைப் பிடித்து 10 டன் மெத்தனால் செய்வது அதன் திறன். மின்நிலையத்தின் திறனோ 4,760 மெகாவாட். முழுத் திறனில் ஓடினால் ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் டன் வாயு வெளியேறும். கற்றுக்கொள்வதற்கான ஆலை என்ற அளவில் அது மதிக்கத்தக்கது. புகையையும், மின்பகுப்பையும், வினையூக்கிப் படுகையையும் ஒரே வளாகத்தில் இணைத்து ஓட்டிய அனுபவம் வேறெங்கும் விலைக்குக் கிடைக்காது. நிலக்கரிக்குப் பரிகாரம் என்ற அளவில் அது 5,000 பங்கில் ஒரு பங்கு.

உலக அனுபவமும் இதையே காட்டுகிறது. ஐஸ்லாந்தில் ஸ்வார்ட்ஸெங்கி என்ற இடத்தில், நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஜார்ஜ் ஓலாவின் பெயரில் 2012 முதல் இயங்கிய ஆலை ஆண்டுக்கு 4,000 டன் மெத்தனால் செய்யும் திறன் கொண்டது. பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் கரியமில வாயுவும் இருந்தது, அந்த நாட்டில் மலிவான மின்சாரமும் இருந்தது. சீனாவில் ஆன்யாங் நகரில் 2022இல் தொடங்கிய ஆலை 1,10,000 டன் திறன் கொண்டது. அதற்கு ஹைட்ரஜன் வருவது கல்கரி அடுப்புகளின் வாயுவிலிருந்து. ஒன்று பூமியின் வெப்பத்தை நம்பியது, மற்றொன்று நிலக்கரியின் மிச்சத்தை நம்பியது. இரண்டும் கட்டப்பட்ட இடத்தைத் தீர்மானித்தது ஹைட்ரஜனே.

அப்படியானால் வினையூக்கிக்காரர்கள் செய்வது வீண்வேலையா என்றால், இல்லவே இல்லை. 52 யூனிட் கொடுத்து எடுத்த ஒரு கிலோ ஹைட்ரஜன் எதில் போய்ச் சேருகிறது என்பதை முடிவு செய்வது அவர்கள் கையில் இருக்கிறது. பால் சபாத்தியே 1902இல் காட்டியபடி, நிக்கலின் மேல் அனுப்பினால் இதே வாயுக்கள் மீத்தேனாகிவிடும், ஹைட்ரஜனில் பாதி தண்ணீராகப் போய்விடும். தாமிரத்தின் மேல் அனுப்பினால் மெத்தனாலாகும். நடுவில் கார்பன் மோனாக்சைடாக நழுவிப் போவதும் உண்டு. ஒருமுறை படுகையைக் கடக்கும்போது வாயுவில் சிறு பகுதியே மெத்தனாலாவதால், மிச்சத்தைப் பிரித்துத் திருப்பித் திருப்பி அனுப்ப வேண்டும். கூடவே உருவாகும் தண்ணீர் தாமிரத் துகள்களை ஒட்டிக்கொண்டு பெருக்கச் செய்து வினையூக்கியைக் கிழடாக்குகிறது. தண்ணீரைத் தாங்கும் வினையூக்கி, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்யும் வினையூக்கி, மின்சாரத்தை நேரடியாக ஏற்றுக் கரியமில வாயுவை எத்திலினாக்கும் தாமிர மின்வாய் ஆகியவை எல்லாம் உண்மையான கேள்விகள். தாமிரத்துக்கு அந்த மின்வாய்க் குணம் உண்டென்று ஜப்பானின் யோஷியோ ஹோரி 1985இல் காட்டினார். 2006இல் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்த தேசிய வினையூக்க ஆராய்ச்சி மையமும், பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையத்தில் செபாஸ்டியன் பீட்டர் குழுவும் இந்தத் துறையில் உழைத்திருக்கின்றன. அந்தப் பெங்களூரு குழுவின் நிறுவனம் 2018இல் கார்பன் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்றுக்குத் தேர்வானது. நல்ல பாதை போடுபவர்களுக்கு மலை உயரமாக இருப்பதற்கான பழி சேராது. அவர்கள் தலையில் மலையை இறக்கும் பொறுப்பைக் கட்டுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இந்தக் கரையில் ஒரு மெத்தனால் ஆலை வைக்கலாமா? ஆண்டுக்கு 1 லட்சம் டன் என்று வைத்துக்கொள்வோம். பெரிய ஆலை அன்று, சீன ஆலையைவிடச் சிறியது. தண்ணீர்ப் பஞ்சத்தில் வாடும் சென்னையின் வாசலில் தண்ணீரைப் பிளப்பதா என்ற கேள்விதான் முதலில் எழும். நியாயமான கவலை, ஆனால் எண்கள் அதைத் தாங்கவில்லை. அந்த ஆலைக்கு நாளொன்றுக்குச் சுமார் 4.6 லட்சம் லிட்டர் சுத்த நீர் வேண்டும். மாமல்லபுரத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013இலும் 2024இலும் திறக்கப்பட்ட இரண்டு கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் சேர்ந்து தரக்கூடியது 25 கோடி லிட்டர். ஐந்நூறில் ஒரு பங்குகூட ஆகாது. அந்தத் தண்ணீரின் உப்பை நீக்கும் மின்சாரம், அதைப் பிளக்கும் மின்சாரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சுத்திகரிக்காத கடல்நீரையே பிளக்கும் கருவியைப் பற்றிச் சென்னை ஐ.ஐ.டி.யின் இயற்பியல் குழு 2023இல் அறிவித்தது. அறிவியலாக அது அருமையான முயற்சி. ஆனால் மிச்சமாவது மிகச் சிறிய செலவுதான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெரிய செலவு மின்சாரம்: ஆண்டுக்கு 97 கோடி யூனிட்டுக்கு மேல், அதாவது இரவும் பகலும் இடைவிடாமல் 110 மெகாவாட். கல்பாக்கத்தில் 220 மெகாவாட் உலைகள் இரண்டு இருக்கின்றன. அவற்றில் ஒன்று தரும் மின்சாரத்தில் பாதி முழுதாக இந்த ஆலைக்குப் போக வேண்டும். அப்படிச் செய்தால் ஆண்டு முழுவதும் எவ்வளவு கரியமில வாயுவை மாற்றியிருப்போம்? 1.375 லட்சம் டன். வராமல் போன செய்யூர் மின்நிலையம் இரண்டே நாளில் விட்டிருக்கக்கூடிய புகை.

ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் சுழலும் காற்றாலைகளின் உபரி மின்சாரம் இருக்கிறதே, அது இலவசம்தானே என்று ஒரு வாதம் உண்டு. தமிழ்நாட்டில் காற்றுக் காலத்தில் மின்சாரம் மிகுவதும், நண்பகலில் சூரிய மின்சாரம் மிகுவதும் உண்மை. அந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது. மறுபாதி முதலீட்டில் இருக்கிறது. மின்பகுப்புக் கருவி, அழுத்தி, உயரழுத்தப் படுகை ஆகியவற்றுக்கு வாங்கிய கடனின் வட்டி காற்று நின்றபின் நிற்பதில்லை. ஆண்டில் நான்கு மாதம் ஓடும் ஆலை தன் விலையை ஒவ்வொரு டன்னிலும் மூன்று மடங்காக ஏற்றும். போதாததற்கு, மெத்தனால் படுகை ஒரே சீராக ஓடுவதை விரும்பும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் வெப்பம் ஏறி இறங்கித் தாமிரம் சீக்கிரம் கெடும். இதைத் தாங்கும் வினையூக்கி கிடைத்தால் அந்த உபரி மின்சாரம் உண்மையிலேயே பயன்படும். நம் ஆய்வுக்கூடங்களுக்கு இந்த மாநிலம் கொடுக்கத்தக்க கேள்வி அதுதான் என்பது என் எண்ணம்.

சவுக்குத் தோப்பு போட்டால் போதாதா என்றும் கேட்கிறார்கள். கேலிக்குரிய கேள்வி இல்லை. மரம் தானே தன்னைக் கட்டிக்கொள்கிறது, கடனும் வட்டியும் இல்லை, மணலைப் பிடிக்கிறது, புயலைத் தடுக்கிறது. ஆனால் விழும் ஒளியில் பயிர் சேமிப்பது நூற்றில் ஒன்றை ஒட்டியே இருக்கும். சூரியத் தகடும் மின்பகுப்பும் மெத்தனால் படுகையும் சேர்ந்தால் அதைப் போல் பத்து மடங்குக்கு அருகில் வரும். நிலம் குறைவான இந்தக் கரையில் அது சிறிய வித்தியாசமில்லை. சவுக்கை வெட்டி எரித்தால் வாயு திரும்பிவிடுகிறது என்பது மரத்தின் மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டு. மெத்தனாலை வண்டியில் எரித்தாலும் அதேதான். சொல்லப்போனால் அங்கே நட்டம் அதிகம். 7,000 யூனிட் போட்டுச் செய்த மெத்தனாலில் இருப்பது சுமார் 4,000 யூனிட் வெப்பம், அதில் என்ஜின் வழியாகச் சக்கரத்துக்கு வருவது மூன்றில் ஒரு பங்கு. அதே மின்சாரத்தை ஒரு பேட்டரி வண்டியில் ஏற்றினால் பெரும்பகுதி சக்கரத்துக்கு வந்துவிடும். ஆகவே சாலை வண்டிக்கு எரிபொருளாக மெத்தனால் செய்வதை என்னால் ஆதரிக்க முடியவில்லை. பெயின்ட்டுக்கும் பசைக்கும் பிளைவுட்டுக்கும் மருந்துக்கும் மூலப்பொருளாக மெத்தனால் செய்வதை ஆதரிக்கிறேன். இந்தியா தன் மெத்தனாலில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது, அது இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. அந்தப் பொருள்களுக்குக் கரி எங்கிருந்தாவது வந்தே ஆக வேண்டும். பேட்டரி அங்கே உதவாது.

ஏற்றத்தை விட்டு இறக்கத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் டூட்டிகோரின் ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலை 2016இல் தன் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் வரை கரியமில வாயுவைப் பிடிக்கத் தொடங்கியது உலகச் செய்தியானது. இந்திய இளைஞர்கள் தொடங்கிய கார்பன் கிளீன் நிறுவனத்தின் கரைப்பான் வாயுவைப் பிடித்தது. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு மூன்றும் சேர்ந்து சோடா உப்பாகின. இது கரிமப் பொருளும் இல்லை, இதில் வினையூக்கியும் இல்லை. ஆனாலும் கரிம வேதியியலுக்கு இது கற்றுத்தரும் பாடம் பெரிது. மானியத்தை எதிர்பார்க்காமல் அது கணக்குக்கு வந்ததற்குக் காரணம், ஹைட்ரஜன் தேவைப்படாததுதான். கரியமில வாயு அதே ஆக்சிஜன்களோடு, அதே தாழ்ந்த நிலையில், சுண்ணாம்புச் சுவருக்குள் போனது போல உப்புக்குள் போகிறது. அந்த ஆலை எப்படியும் விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்த வாயு அது.

கரிம வேதியியலிலும் இப்படிப்பட்ட இறக்கப் பாதைகள் இருக்கின்றன, பழமையானவையும்கூட. 19ஆம் நூற்றாண்டில் கோல்பெயும் ஷ்மிட்டும் உருவாக்கிய முறையில் சோடியம் ஃபீனாக்சைடோடு கரியமில வாயு சேர்ந்து சாலிசிலிக் அமிலம் ஆகிறது. நாம் தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரினில் அந்தக் கரி இருக்கிறது. யூரியாவில் ஆண்டுக்குச் சுமார் 13 கோடி டன் கரியமில வாயு போகிறது. மனிதர் தொழிலுக்குப் பயன்படுத்தும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் அதுதான். மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் செய்வதும் அதுவே. ஆனால் யூரியாவைக் காலநிலைச் சாதனையாகக் காட்டுபவர்களோடு உடன்பட முடியாது. அந்த வாயு அம்மோனியா செய்யும்போதே பிறந்தது. வயலில் போட்ட சில நாட்களில் மண்ணின் நொதி அதைப் பிரித்துக் காற்றுக்கே அனுப்பிவிடுகிறது. எவ்வளவு வாயு உள்ளே போனது என்று கேட்பதோடு, எத்தனை நாள் உள்ளே இருந்தது, எதற்குப் பதிலாக வந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

எந்த வாயுவை முதலில் எடுப்பது என்பதும் அதே அளவு முக்கியம். காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்குக்கு மேல், நிலக்கரிப் புகையில் நூற்றில் 12 முதல் 14 வரை. சர்க்கரை புளிக்கும் தொட்டியில் ஏறத்தாழ முழுக்க அதுதான். நம் மாவட்டத்தில் படாளத்தில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. அதன் கழிவுப்பாகு எங்கே போய்ப் புளித்து எரிசாராயமானாலும், ஒரு டன் சாராயத்துக்கு ஏறத்தாழ ஒரு டன் சுத்தமான கரியமில வாயு அங்கே எழும்பும். அது கரும்பு அந்த ஆண்டே காற்றிலிருந்து எடுத்த வாயு. பிடிப்பதற்கு ஆற்றல் செலவு மிகக் குறைவு. இப்படிப்பட்ட ஊற்றுகள் தீரும்வரை மின்நிலையப் புகையை நாடிப் போக வேதியியல் ஆலைகளுக்குத் தேவையே இல்லை.

அந்த வாயுவை எங்கே வைப்பது? 1969இல் ஜப்பானின் ஷோஹெய் இனோவே, எப்பாக்சைடு என்ற வகைச் சேர்மங்களோடு கரியமில வாயுவைத் துத்தநாக வினையூக்கி கொண்டு சங்கிலியாகக் கோக்கலாம் என்று கண்டுபிடித்தார். எப்பாக்சைடின் மூன்று முனை வளையம் வளைத்துக் கட்டிய வில்லைப் போல இறுக்கத்தில் இருப்பது. அந்த இறுக்கம் தளரும்போது கிடைக்கும் ஆற்றலே வினையை நடத்துகிறது, ஹைட்ரஜன் வேண்டாம். எப்பாக்சைடு பெட்ரோலியத்திலிருந்துதானே வருகிறது என்று கேட்கலாம். ஆம், ஆற்றலை அங்கே கடன் வாங்கியிருக்கிறோம். ஆனால் சங்கிலியில் கரியமில வாயு நின்ற ஒவ்வொரு இடத்திலும் அந்த எடைக்கு எப்பாக்சைடு மிச்சமாகிறது, மிச்சம் அதுதான். ஜெர்மனியில் டோர்மாகன் நகரில் கோவெஸ்ட்ரோ நிறுவனம் 2016இல் 5,000 டன் ஆலையில் இந்த வழியில் பாலியால் செய்யத் தொடங்கியது. எடையில் 20 விழுக்காடு வரை கரியமில வாயு கொண்ட பாலியால் அது. மெத்தைக்கும் இருக்கைக்கும் பயன்படும் நுரைப்பஞ்சு இதிலிருந்து வருகிறது. வினையூக்கி எவ்வளவு நுட்பமாக வேலை செய்ய வேண்டுமென்பது இங்கேதான் தெரியும். கரியமில வாயு குறைவாகப் புகுந்தால் பயனில்லை, தவறான இடத்தில் புகுந்தால் சங்கிலி தன்னைத்தானே கடித்துக்கொண்டு சிறு வளையமாகப் பிரிந்துவிடும், கூடுதலாகப் புகுந்தால் பாலியால் தேன்பாகுபோல் கெட்டியாகி நுரைக்காது.

இதற்கு வேண்டிய எல்லாமே ஒரு பகல் லாரிப் பயணத்துக்குள் இங்கே இருக்கின்றன. மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் புரோப்பிலீன் ஆக்சைடு செய்கிறது, அதிலிருந்து பாலியாலும் செய்கிறது. மறைமலை நகரிலிருந்து ஒரகடம் வரை கார்த் தொழில் பரவிக் கிடக்கிறது, ஒவ்வொரு காருக்கும் இருக்கைப் பஞ்சு வேண்டும். நூறு கிலோ பாலியாலில் இருபது கிலோ கரியமில வாயு என்றால், செய்யூர் மின்நிலையத்தின் புகைக்கு முன்னால் அது கண்ணுக்கே தெரியாது. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அந்த இருபது கிலோவுக்கு ஆறு மடங்கு மின்சாரம் தேவையில்லை, அது சில நாளில் வயலிலிருந்து பறந்துவிடவும் போவதில்லை. சர்க்கரைப் பாகு புளித்த தொட்டியிலிருந்து எழும்பி, காற்றோடு போயிருக்க வேண்டிய கரி, இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும் ஒரு காரின் இருக்கையில் அந்தக் கார் ஓடும் காலம் வரைக்கும் அடைந்து கிடக்கும்.